சேர்த்தா, தனித்தனியா

ஏப்ரல் 6, ஞாயிறு

பிற்பகல் முழுக்க மழை. மலை உச்சி தெரியவில்லை. துணி காயவில்லை.

இன்றைய வேலைகள்: கோழி, கு.வின் சட்டைக்குப் பொத்தான், வருமான வரி. முதல் இரண்டும் முடிந்தன.

கு. என்றே எழுதிப் பழகிவிட்டது. குகதாசன் யாழ்ப்பாணத்திலிருந்து மலேசியா வந்து ஓராண்டுக்கு மேலாகியும் ‘கணவர்’ என்று எழுதப் போனால் பேனா ஒருமுறை சுற்றுமுற்றும் பார்க்கிறது. நாற்பத்தைந்து வயதில் கல்யாணம் செய்துகொண்டவளுக்குச் சில சொற்கள் மெதுவாகத்தான் வந்து சேரும்.

வரி விஷயம். வேலைக்குச் சேர்ந்த காலந்தொட்டு ஒவ்வோர் ஆண்டும் படிவத்தில் ‘புஜாங்’ என்று போட்டு வந்திருக்கிறேன். திருமணமாகாதவள். ஒரு சொடுக்கு. அரசாங்கம் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் சம்பளப் பக்கத்துக்குப் போய்விடும். என் அத்தைமாரைவிட நாகரிகம்.

இந்த ஆண்டு ‘திருமணமானவர்’. உடனே ஒரு புதுக் கேள்வி. கணக்கு யார் பெயரில்? மூன்று வழி: இருவர் வருமானத்தையும் சேர்த்துக் கணவர் பெயரில், சேர்த்து மனைவி பெயரில், தனித்தனியாக.

கு.வுக்குச் சென்ற ஆண்டு வருமானம் என்று பெரிதாக இல்லை. வேலை செய்யலாம் என்ற முத்திரை, என் பெயரில் வாங்கிய குடியிருப்புப் பாஸில் விழுந்ததே அக்டோபரில். பிறகு டியூஷன் சென்டரில் இரண்டு மாதம், எஸ்பிஎம் பரீட்சைப் பிள்ளைகளுக்குக் கணக்கு. என் பெயரில் சேர்த்துப் போட்டால் எனக்கு வரிக் கழிவு உண்டு. நூற்றுச் சொச்சம் வெள்ளி, அதாவது ரிங்கிட், மிச்சம்.

தேநீரோடு சேர்த்துச் சொன்னேன்.

“யோசிப்பம்,” என்றார்.

ஓராண்டு அனுபவத்தில் சொல்கிறேன்: அவர் ஊர் மரியாதையில் இதற்கு ‘மாட்டேன்’ என்று பொருள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெயில். பாலத்தில் லாரி ஒன்று நின்றுவிட்டது. பத்து காவான் தொழிற்சாலைக்கு முக்கால் மணி நேரம் தாமதம். யாரும் கவனிக்கவில்லை. அங்கே என் வேலை இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது. படிக்காமலே பொத்தானை அழுத்துகிறவர்களுக்காக எழுதப்படும் இலக்கியம்.

மாலை பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டே கு.:

“பத்மா, எனக்கு ஒரு வரி நம்பர் எடுக்கலாமோ? தனியா?”

“சேர்த்துப் போட்டாலும் உங்களுக்கு நம்பர் வேணும்.”

“அது வேற. நான் என்ர கணக்கைத் தனியாப் போடலாமோ எண்டு கேக்கிறன்.”

“போடலாம். கழிவு போயிடும்.”

“ஓ.”

பயிற்றங்காய் எல்லாம் ஒரே நீளம். கணக்கு வாத்தியார்.

ஏப்ரல் 10, வியாழன்

அரை நாள் விடுப்பு. வரி அலுவலகம். கு. இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய். மாப்பிள்ளையாக வந்த நாளில்கூட இவ்வளவு இல்லை.

கவுண்டரில் நம் தமிழ்ப் பெண். இருபத்தைந்து இருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், சம்பளத் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“அங்கிள், இந்த வருமானத்துக்கு வரியே வராது லா. பைல் பண்ணாட்டியும் பரவால்ல.”

“வராட்டியும் பரவாயில்லைப் பிள்ளை. பதிஞ்சு தாரும்.”

“எதுக்கு அங்கிள் வீணா?”

“நான் இஞ்ச இருக்கிறன் எண்டு தெரியவேணுமெல்லோ.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஆன்டி, இங்க வர்றவங்க எல்லாரும் எப்படிக் கட்டாம தப்பிக்கலாம்னுதான் கேப்பாங்க. இவரு புது மாதிரியா இருக்காரே.”

“பழைய மாதிரி,” என்றேன். வெளியே வந்தபின் சிரித்தேன். அலுவலகத்துக்குள் சிரித்தால் கணக்கில் ஏதாவது சேர்த்துவிடுவார்கள் என்ற பயம்.

எண் கிடைத்தது. பேருந்தில் ஆயர் ஈத்தாம் வரும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். என் கைப்பேசி எண் இன்னும் அவருக்கு மனப்பாடம் இல்லை. குறித்து வைக்கிறேன், பின்னால் பயன்படும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. புழுக்கம். அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. மரக்கறி ஏழு வகை, அபிப்பிராயம் எட்டு வகை.

அண்ணன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்தாலும் கடன் கேட்க வந்தவர் போலத்தான் பார்ப்பார். வரிப் பேச்சை ஆரம்பித்தது நான். தவறு.

“இதுல யோசிக்க என்னா இருக்கு? சேர்த்துப் போடு. மாப்ள பேருல போடு,” என்றார்.

“அப்படிப் போட்டா என் கழிவெல்லாம் போயிடும். வரி கூடத்தான் வரும்.”

“வரட்டுமே. குடும்பத் தலைவர் யாரு? நாளைக்கு யாராச்சும் கேட்டா, பொண்டாட்டி பேருக்குக் கீழ இருக்காருன்னு சொல்றதா?”

“யார் வந்து கேக்கப் போறாங்க? உங்க வரி ஃபாரத்தை யார்கிட்டயாவது காட்டியிருக்கீங்களா?” இது அண்ணி, பாயசக் கரண்டியோடு.

“நீ சும்மா இரு லா. மாப்ள, நீங்க சொல்லுங்க. கணக்கு வாத்தியாரு நீங்க.”

மாப்ள சோற்றைக் குழைத்து முடித்தார். அவசரமே இல்லை.

“அண்ணை, நான் தனியாப் போடப் போறன்.”

“தனியாவா? உங்க ரெண்டு மாசச் சம்பளத்துக்கா?” அண்ணன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அதனால்தான் வலித்தது.

கு. குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவுமில்லை.

“ஊரில குடும்ப அட்டையில அப்பாவின்ர பேருக்குக் கீழ இருந்தனான். இடம்பெயர்ந்து போன நேரம் நிவாரண அட்டை மாமாவின்ர பேரில. கொழும்பில பொலிஸ் பதிவு வீட்டுக்காரற்ற பேரில. டியூட்டரியில படிப்பிச்ச காலம் முழுக்கக் காசு கையில, பேர் ஒண்டிலயும் இல்லை. இஞ்ச வந்தாப் பாஸில பத்மா. அது பிழை எண்டு சொல்லேல்லை, அண்ணை. எல்லாரும் நல்லாத்தான் வச்சிருந்தவை. ஆனா ஒரு தாளிலயாவது முதல் பேர் என்ரையா இருக்கவேணும்.”

அண்ணன் கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினார். “நூத்துப் பத்து வெள்ளி கிட்ட நட்டம்,” என்றார், மெதுவாக. இரங்கல் தெரிவிக்க அவருக்குத் தெரிந்த ஒரே முறை அது.

அண்ணி கு.வுக்கு மட்டும் இரண்டாம் முறை பாயசம் ஊற்றினார்.

என் நிலை: பெருமை. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே நேரம் ஓர் எரிச்சல். ‘எல்லாரும் நல்லாத்தான் வச்சிருந்தவை’ என்ற பட்டியலில் கடைசிப் பெயர் நான்.

ஏப்ரல் 16, புதன்

மேகமூட்டம். பொரித்த நெத்திலி தீய்ந்தது.

இரண்டு நாளாக நான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதாக கு. கருதுகிறார். நான் அப்படியெல்லாம் செய்வதில்லை. பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக அடுக்குகிறேன், அவ்வளவுதான்.

சேர்த்துப் போட வேண்டும் என்பதற்கு நான் வெளியே சொல்லும் காரணங்கள்: கழிவு, ஒரே வேலை, ஒரே கடவுச்சொல்லைத் தேடினால் போதும்.

சொல்லாதது: இத்தனை ஆண்டும் தனியாளாகப் போட்டேன். ஒரு தாளில் இரண்டு பேர் பெயர் பார்க்க வேண்டும். மாலையும் கழுத்துமாக எடுத்த படம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தை எடுத்தவர் காசு வாங்கிக்கொண்டு சிரிக்கச் சொன்னார். வரி இலாகா அப்படியெல்லாம் சொல்லாது. அது எழுதிக்கொண்டால் நிஜம்.

இப்படி ஓர் ஆசையை வைத்துக்கொண்டு பிறரைக் கிண்டல் செய்து திரிகிறேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

டியூஷன் சென்டர் வாசலில் கு.வை ஏற்றிக்கொண்டேன். ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் வழக்கமான நெரிசல். கார் நகரவில்லை. கேள்வி நகர்ந்தது.

“உமக்கு ஏன் சேர்த்துப் போடுறதில அவ்வளவு விருப்பம்?”

“நூறு வெள்ளி.”

“அதை நான் தாறன். இந்த மாதச் சம்பளத்தில.”

“வேணாம்.”

“அப்ப நூறு வெள்ளி இல்லை.”

முன்னால் மோட்டார்சைக்கிள் ஒன்று புகுந்தது. அதைத் திட்டினேன். பிறகு வண்டிகளையெல்லாம் பார்த்துக்கொண்டே சொன்னேன். புஜாங், ஒரு தாள், இரண்டு பெயர். காதில் விழும்போது இன்னும் சின்னதாக இருந்தது. பள்ளிப்பிள்ளை மரத்தில் பெயர் செதுக்கும் சமாச்சாரம்.

கு. சிரிக்கவில்லை.

“அப்ப சேர்த்தே போடுவம். உம்மட பேரில.”

“நீங்க தனியா வேணும்னு சொன்னீங்களே.”

“சொன்னனான். எனக்கு வாற வருசமும் இருக்கு. இத்தனை வருசம் பாத்துக்கொண்டு இருந்தனீர், நீர் முதல்.”

விளக்கு பச்சையாகி, பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்து, நான் தப்பாக எதிர்ப்பக்கம் திருப்பி, வீட்டுக்கு நீண்ட வழி.

வாதத்தில் ஜெயித்தேன். இரவு அவருடைய வரி எண் தாளை எடுத்துப் பார்த்து, மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 19, சனி

காலை பத்து மணி. நல்ல வெயில். மேசையைத் துடைத்தேன், மடிக்கணினி, இரண்டு கோப்பை தேநீர், இரண்டு பேருடைய சம்பளத் தாள்.

அவருடையது முதலில். சேர்த்துப் போடுவதானாலும் அவர் படிவத்தில் அவரே ‘மனைவி பெயரில்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வரி இலாகாத் தளத்தில் நுழைந்தார். முழுப் பெயர் வந்து நின்றது: குகதாசன் நாகலிங்கம். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். திருமண நிலை. பிறகு அந்தக் கட்டம். மவுஸை நேரே ‘மனைவி பெயரில்’ கொண்டுபோய் வைத்தார். கை தயங்கவில்லை. தயங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கீழ போங்க,” என்றேன்.

“இதுதானே?”

“அதுக்கும் கீழ. தனித்தனி.”

“பத்மா, நேற்றுக் கதைச்சது…”

“நேத்து ஜாம்ல பேசினது. அழுத்துங்க.”

என் முகத்தையே பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன். அழுத்தினார்.

அடுத்த பக்கம் திறந்தது. தலைப்பு: வாழ்க்கைத் துணையின் விவரம். துணையின் பெயர். துணையின் அடையாள எண். இரண்டு காலிக் கட்டம்.

இந்தப் பக்கத்தை நான் வாழ்நாளில் கண்டதில்லை. புஜாங் என்று போட்டால் படிவம் இதைத் தாண்டிவிடும். சேர்த்தாலும் பிரித்தாலும் கல்யாணமானவர்களுக்கு இது உண்டு. இரண்டு வாரம் சண்டை, ஏழு வகை மரக்கறி, தீய்ந்த நெத்திலி. கையேடு எழுதிப் பிழைக்கிறவள் ஒரு பக்கம் முன்னால் போய்ப் பார்க்கவில்லை.

கு.வுக்கும் புரிந்துவிட்டது. இரண்டு விரலால் தட்டினார். ப, த், மா. ஒவ்வோர் எழுத்துக்கும் திரையை ஒரு தடவை பார்த்து.

“பேருக்கும் அப்பான்ர பேருக்கும் நடுவில அந்த ஏ/பி போடவேணுமோ?”

“போடணும். இன்னாரின் மகள்னு அர்த்தம்.”

“இன்னாரின்ர மனிசி எண்டு போட இடமில்லையோ?”

“அதுக்குத்தான் இந்தப் பக்கமே.”

கடைசியில் கூட்டித் தந்தது: செலுத்த வேண்டிய வரி, பூச்சியம்.

“ஒண்டுமில்லையோ?” முகம் வாடியது. மலேசியாவில் இதற்காக வாடிய முதல் முகமாக இருக்கும்.

“அந்தப் பொண்ணுதான் அப்பவே சொன்னாளே.”

“ஒரு பத்து வெள்ளியாவது வந்திருக்கலாம்.”

உறுதிமொழியை வாய்விட்டு வாசித்தார். மலாய், யாழ்ப்பாண ராகத்தில். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் தொண்டையைச் செருமி, திரும்ப வாசித்தார். அனுப்பினார்.

பிறகு என்னுடையது. துணையின் பெயர். நான் மூன்று முறை தப்பாகத் தட்டினேன். கண்ணில் ஏதோ. வெயில்.

என் வரி பூச்சியம் இல்லை. கட்டினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

லிட்டில் இந்தியா. மிளகாய்த்தூள், சீரகம், ஊதுவத்தி. மசாலாக் கடையில் கூட்டம். கு. வெளியே நின்றார்.

நான் வரும்போது நாணயமாற்றுக் கடைக்காரரோடு பேச்சு. கடைக்காரர் வாசலில் உடைந்து கிடந்த சாக்கடை மூடியைக் காட்டினார். “மூணு மாசமாச்சு அண்ணே. கேக்க ஆள் இல்ல.”

கு. இடுப்பில் கைவைத்து அதை முழுசாகச் சுற்றி வந்தார். ஓராண்டாக இந்தத் தெருவில் எதைக் குறை சொன்னாலும் ‘நாங்கள் வந்த ஆக்கள், எங்களுக்கென்னத்துக்கு’ என்று ஒதுங்கிப் போகிறவர்.

“இதென்ன வேலை தம்பி? எங்கட வரிக்காசில போட்டது. நாளைக்கு முதல் வேலையா ஒரு கடிதம் எழுதவேணும். நீர் கையெழுத்து வையும், நானும் வைக்கிறன்.”

“அண்ணே சொன்னா சரிதான். வரி கட்டறவங்க கேட்டாத்தான் செய்வாங்க.”

“பின்னே? கட்டுறம்தானே.”

சீரகப் பொட்டலத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். திருத்தவில்லை.