அவள் ஏன் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை

மார்ச் 3, செவ்வாய்

கடிக்கும்போது பொருந்தவில்லை என்று ஒரு மேல்தாடை பல்செட் எங்கள் லேபுக்குத் திரும்பி வந்தது. டாக்டர் எடுத்த அச்சே கோணல். ஆனால் பழி, செட் செய்த என் தலையில். நாள் முழுக்க மெழுகு வாசனையும் தலைவலியும்.

வீட்டுக்கு வந்தால் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தாளாம். "சும்மா நாலு நாள் இருந்துட்டுப் போறேன்ணா." மாப்பிள்ளை வரவில்லையா என்றேன். வேலை என்றாள். நல்லதாய்ப் போயிற்று. என்னோடு உட்கார்ந்து ஓடாத படங்களைப் பார்க்க இந்த உலகத்தில் இருக்கும் ஒரே ஜீவன் அவள்தான்.

மார்ச் 5

'மூன்று மேனேஜர், ஒரே நாற்காலி' படத்தை மறுபடி பார்த்தோம். வந்தபோது மூன்றாம் நாளே தியேட்டரை விட்டுத் தூக்கினார்கள். இப்போது அதன் வசனம் தெரியாத ஆள் கிடையாது. என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: அதில் யாரும் ஜோக் சொல்வதில்லை. எல்லோரும் மிகுந்த பொறுப்போடு முட்டாள்தனம் செய்கிறார்கள். நடிகனே சிரித்துவிட்டால் நமக்கு அங்கே என்ன வேலை?

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் மேனேஜர் வீட்டில் தட்டை வீச, அவன் மனைவி குனிந்து தப்பிக்கும் இடம் வந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாள். போன தடவையும் இதே இடத்தில்தான் போனாள். ரசனைக் குறைவு, வேறென்ன.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ரொம்ப மரியாதை வந்திருக்கிறது அவளுக்கு. சாயங்காலம் நான் சாவி போடும் சத்தம் கேட்டதும் டி.வி. சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுகிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

பேய்ப்படம். பாழடைந்த பங்களா, மின்னல் எதுவும் இல்லாமல், ஒரு சாதாரண இரண்டு அறை வீட்டுக்குள் பேயைக் கொண்டுவந்த ஒரே படம். யாரும் சீண்டவில்லை. ஒளிப்பதிவும் சத்தமும் அபாரம். கதையில் ஒரே ஓட்டை: பேய் இருப்பது முதல் அரை மணியிலேயே கதாநாயகிக்குத் தெரியும். அப்புறம் ஏன் அந்த வீட்டிலேயே குந்திக்கொண்டிருக்கிறாள்?

இதில் எங்களுக்குள் சண்டை.

"எங்கண்ணா போவா?"

"எங்கேயாவது. கால் இருக்குல்ல?"

"போனா ஏன் வந்தேன்னு கேப்பாங்க. பேய்னு சொன்னா நம்புவாங்களா? வெளிய வந்து பார்த்தா எல்லாம் நல்லாத்தானே தெரியுது."

"அது டைரக்டரோட சோம்பேறித்தனம். அவ போயிட்டா படம் முடிஞ்சிரும்."

அதற்குப் பிறகு அவள் வாதாடவில்லை. என் வாதம் ஜெயித்த திருப்தியில் தூங்கப் போகிறேன்.

மார்ச் 9

இணையத்தில் என் பக்கத்தில் எழுதிப் போட்டுவிட்டேன். 'தெரிந்தும் அந்த வீட்டிலேயே இருப்பவளுக்காக நான் ஏன் பரிதாபப்பட வேண்டும்? பேய்க்குத்தான் என் ஓட்டு.' கைதட்டல் குவிகிறது. லேபில் பிளாஸ்டர் கலக்கும் பையன்கூடப் படித்துவிட்டுச் சிரித்தான்.

மார்ச் 11

மாப்பிள்ளை வந்தார். பழம், இனிப்பு, பணிவு எல்லாம் கொண்டுவந்தார். "உங்க தங்கச்சி இல்லாம வீடு வீடாவே இல்ல மச்சான்." அவள் தயாராக இருந்தாள். போகும்போது, "உன் எழுத்து படிச்சேண்ணா" என்றாள். நன்றாக இருந்ததா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

மார்ச் 14, சனி

அந்த ஓட்டையைப் பற்றி ஒருவர் எதிர்வாதம் எழுதியிருந்தார். அவரை மடக்க ஆதாரம் வேண்டும் என்று பேய்ப்படத்தைத் தனியாக மறுபடி போட்டேன்.

ஒரு காட்சி. வெளியே புருஷன் சாவி போடுகிறான். உள்ளே அவள் கை தானாகப் போய் ரேடியோவை அணைக்கிறது. அப்புறம் அவன் முகத்தைப் பார்க்கிறாள் — இன்றைக்கு எப்படி என்று. அந்தக் காட்சியைப் பாராட்டி நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். 'சத்தத்தை இவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்திய படம் வேறில்லை' என்று.

படத்தை நிறுத்திவிட்டேன்.

மரியாதையாம். எவ்வளவு பெரிய மடையன்டா நீ! அவ உன்கிட்ட கதையா பேசிட்டு இருந்தா? எங்க போவான்னு வாயைத் திறந்து கேட்டாளே — கேட்டாளே! நீ டைரக்டர் சோம்பேறின்னு சொன்ன.

அந்தப் பதிவை அழித்துவிட்டேன். அழித்து என்ன? படிக்க வேண்டியவள் படித்துவிட்டாள்.

மார்ச் 15

போன் செய்தேன். "நல்லா இருக்கேண்ணா." பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அல்லது போடச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 16, திங்கள்

லீவு போட்டுவிட்டு நேரில் போனேன். மாப்பிள்ளை எங்களைவிட்டு அசையவே இல்லை. அவளோடு தனியாக ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், அந்த வெயிலில். அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கக் கை துடித்தது. பிடித்திருந்தால், நான் போன பிறகு அதற்கும் சேர்த்து அவள்தானே வாங்க வேண்டும்?

எனக்குப் பேசத் தெரிந்தது ஒன்றே ஒன்று. படத்தைப் பற்றிப் பேசினேன்.

"அந்தப் பேய்ப்படத்தைப் பத்தி நான் எழுதினது தப்பும்மா. அழிச்சிட்டேன்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதையில ஓட்டையே இல்ல. போறதுக்கு ஒரு இடம் இருக்குன்னு அவகிட்ட யாரும் சொல்லல, அவ்வளவுதான். அவளுக்கு அண்ணன்னு ஒருத்தன் இருந்தா, ஏன் வந்தேன்னு கேக்க மாட்டான். எந்நேரமும் வரலாம். எத்தனை நாள் வேணா இருக்கலாம். திருப்பிக் கூட்டிட்டுப் போக யார் வந்தாலும் கதவைத் திறக்க மாட்டான்."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவு தூரம் வந்தும் சினிமா விமர்சனம்தானா மச்சான்?"

"என்ன பண்றது, பைத்தியம் பிடிச்சிருச்சு" என்றேன்.

அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். புரிந்ததா? அல்லது அண்ணன் திருந்தாத ஜென்மம் என்று நினைத்தாளா? பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தார்.

மார்ச் 20

போன் இல்லை. செய்யவும் பயமாக இருக்கிறது.

மார்ச் 24

எந்தப் படமும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. நாற்காலி படத்தில் அந்தத் தட்டு பறக்கும் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். இதற்கா இத்தனை வருடம் சிரித்தேன்? மனைவியாக நடித்தவள் தட்டு பறப்பதற்கு முன்பே குனிந்துவிடுகிறாள்.

மார்ச் 29, ஞாயிறு

மதியம் பெல் அடித்தது. தங்கை. பை இல்லை, குடை இல்லை, போன்கூட இல்லை. மாப்பிள்ளை குளிக்கப் போன நேரத்தில் கிளம்பினாளாம். காலில் ஒன்று நீலச் செருப்பு, ஒன்று கறுப்பு. இரண்டுமே வலது கால். அதோடு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன்.

அவள் குனிந்து காலைப் பார்த்தாள். "காமெடிப் படம் மாதிரி இருக்குல்லண்ணா" என்று சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். இடது கட்டை விரல் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. கழுவ வெந்நீர் வைத்தேன்.