வரிசை திரும்பும் இடம்

8-1-73, திங்கள்

பனி. கிணற்றுக் கயிற்றைப் பிடிக்க விரல் வளையவில்லை. இன்று செய்ய: மூன்றாம் வகுப்பு விடைத்தாள், மண்ணெண்ணெய் அட்டை, இவர் வேட்டிக்கு நீலம். மூன்றில் ஒன்றுகூட ஆகவில்லை.

மத்தியானம் ஹெச்.எம். ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். சென்னையில் ஏதோ கலை மன்றம். கிராமியக் கலைக்குத் தொண்டு செய்த ஒருவருக்கு விருதாம். பொன்னாடை, பதக்கம், பட்டயம். யார் வேண்டுமானாலும் பரிந்துரை அனுப்பலாம்.

"ஒங்க ஊரு ஒயிலாட்டத்துக்கு ஒண்ணு எழுதிப் போடுங்க டீச்சர். ஒங்களுக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

புகழ்ந்தால் எனக்குத் தலைகால் புரியாது. அது அவருக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அரியக்குடி தாண்டியதும் பிரித்துப் பார்த்தேன். இரண்டு நிபந்தனை. ஒரே ஒரு பெயர்தான் எழுத வேண்டும். எழுதுகிறவருக்கு உறவாக இருக்கக் கூடாது.

9-1, செவ்வாய்

இவர் வயலிலிருந்து வந்து கால் கழுவும்போது விஷயத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. அதை மறைக்க இன்னொரு செம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

"சுப்பையாவையும் என்னையும் சேத்துப் போடு."

"ஒரு பேருதான் போடணுமாம்."

"ஒத்த ஆளு ஆடுனா அது ஒயிலாட்டமா? அப்பப் போடாத, விடு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உறவு கூடாது என்ற நிபந்தனையைச் சொல்ல வாய் வரவில்லை. ஆட்டத்தில் வரிசைக்குத் தலை இவர்தான். வரிசையின் வால் ஆசாரியண்ணன், எங்கள் கொல்லைக்கு அடுத்த தெருவில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் சுப்பையா ஆசாரி. மீசை முளைத்த நாளிலிருந்து இரண்டு பேரும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். இருவரில் ஒருவரைப் பிரித்து எழுது என்றால் எவரை எழுதுவது?

இட்லி மாவு புளிக்கவில்லை. பனி.

16-1, செவ்வாய்

பொங்கல் பண்டம் பாத்திரம் கழுவியே இடுப்பு போயிற்று. பொழுது சாய ஊர்ப் பொட்டலில் ஆட்டம். எல்லாருக்கும் காலில் சலங்கை, கையில் கைக்குட்டை, சிவப்புத் தலைப்பாகை. இவருடைய தலைப்பாகை மட்டும் ரோஸ். போன வருஷம் நான் துவைத்த துவைப்பு.

எத்தனையோ தடவை பார்த்ததுதான். இன்று படிவம் மனதில் கிடந்ததால் கூர்ந்து பார்த்தேன். கிழக்கே போகும்போது இவர் பாட்டெடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பொட்டல் முடியும் இடத்தில் தவில் ஒரு முட்டு முட்டும். எல்லோரும் அப்படியே திரும்பினால் வால்தான் தலை. அப்போது இவர் ஒற்றைக்காலில் நின்று "எடுய்யா!" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்த முனையிலிருந்து ஆசாரியண்ணன் எடுப்பார், முன்னைவிடத் துரிதமாக. அங்கிருந்துதான் ஆட்டமே சூடு பிடிக்கும். பொம்பளைகள் பேச்சை நிறுத்துவதும் அங்கேதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீனாள்: "ஆசாரி எடுத்தாத்தேன் ஆத்தா ஆட்டம். ஆனா ஒங்க வீட்டுக்காரக சொல்லாம அவுக வாயத் தொறக்க மாட்டாகளே."

18-1, வியாழன்

அனுப்பிவிட்டேன். பெயர்: சுப்பையா ஆசாரி.

இவரிடம் சொல்லவில்லை. ஆசாரியண்ணனிடமும் சொல்லவில்லை. புருஷன் பெயரை எழுத விதி இடம் தரவில்லை. அதற்காக ஊருக்கு வருகிற ஒரு பெருமையைத் தடுப்பானேன்? கிடைத்தால் முதலில் சந்தோஷப்படப் போவது இவர்தானே. திடீரென்று தெரிந்தால் இன்னும் சந்தோஷம்.

ரேஷன் வரிசையில் யார் முந்தினாலும் கூப்பிட்டுப் பின்னால் அனுப்புகிறவள் நான். பள்ளிக்கூடத்தில் ஒரு மிட்டாயை நாலு பேருக்கு உடைத்தாலும் துண்டுகள் சமமாக இருக்கும். படிவத்தை ஒட்டியபோது அந்த மாதிரி ஒரு திருப்தி. காப்பிக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடவே போட்டுக்கொண்டேன்.

24-2, சனி

வெயில் ஆரம்பித்துவிட்டது. கரண்ட் இல்லை. புளி கொட்டை எடுக்க ஆள் வரவில்லை.

ஹெச்.எம்.முக்கு மன்றத்திலிருந்து கடிதம். அடுத்த சனிக்கிழமை ஒருவர் வந்து ஆட்டத்தைப் பார்ப்பாராம். இவரிடம், "மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் ஒங்க ஆட்டத்தப் பாக்க வாராகளாம்" என்று மட்டும் சொன்னேன். யாருக்காக என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, விழுங்கினேன். இவர் அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு நேரே ஆசாரியண்ணன் பட்டறைக்கு ஓடினார். இந்த வயதில் ஓட்டம்!

ராத்திரிச் சாப்பாட்டில் மூன்று தரம் ரசம் கேட்டார். புதுத் தலைப்பாகை வேண்டுமாம், "ரோஸ் வேணாம் தாயி" என்றார்.

3-3, சனி

எழுதக் கை ஓடவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நாலு மணிக்குக் காரைக்குடியிலிருந்து வாடகைக் காரில் மன்றத்துக்காரர் வந்தார். கண்ணாடி, தோளில் காமிரா, மரியாதையான மனிதர். ஊரே பொட்டலில். ஹெச்.எம். மாலை போட்டார். வரிசை நின்றாயிற்று. இவர் புதுத் தலைப்பாகையில், வரிசைக்குத் தலையில். மாப்பிள்ளை மாதிரி இருந்தார், சொன்னால் என்ன.

வந்தவர் ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "திரு. சுப்பையா ஆசாரி யாருங்க? உங்க பேரைத்தான் பரிந்துரை செய்திருக்காங்க. முன்னால வந்து நில்லுங்க."

இவர் என்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை.

ஆசாரியண்ணன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அங்கிருந்தே இவரைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் தெரியாது மாணிக்கம். சத்தியமாத் தெரியாது."

"முன்னால வா சுப்பையா. ஒன்னத்தான் பாக்க வந்திருக்காக." இவரே போய் அவர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து தன் இடத்தில் நிறுத்தினார். பிறகு வரிசை நெடுகத் தனியே நடந்து கடைசிக்குப் போனார். அந்த நடையைப் பார்த்திருக்கக் கூடாது.

தவில் தொடங்கியது. தலையிலிருந்து பாட்டு வரவில்லை. ஆசாரியண்ணன் ஒரு நாளும் முதலில் எடுத்தவர் இல்லை. தவில் இரண்டு சுற்று சும்மா சுற்றியது. கடைசியில் வாலிலிருந்து இவர் குரல்தான் எடுத்தது. வந்தவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி, எப்படியோ கிழக்கே போனார்கள். பொட்டல் முடிந்தது. தவில் முட்டியது. வரிசை திரும்பியது. இடம் மாறியும் பழக்கம் மாறாமல் இவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"எடுய்யா" வரவில்லை.

அதற்காக ஆசாரியண்ணன் காத்து நின்றார். வரிசை மொத்தமும் கைக்குட்டையைத் தூக்கியபடி காத்து நின்றது. தவில்காரர் நிறுத்திவிட்டார். யாரோ ஒரு பயல் சிரித்தான்.

வந்தவர் ஆசாரியண்ணனைத் தனியாகக் கொஞ்சம் ஆடிக் காட்டச் சொன்னார். இரண்டு அடி வைத்தார், நின்றார். "தனியா வராதுங்கய்யா." அப்படியே நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

4-3, ஞாயிறு

இவர் சாப்பிட்டார், மாட்டைக் கழுவினார், பேப்பர் படித்தார். வழக்கம்போல. அதுதான் பயமாக இருக்கிறது.

"ஒறவுக்காரக பேரு எழுதக் கூடாதுன்னு அதுல போட்டிருந்துச்சு. அதான்" என்றேன்.

"நீ செஞ்சது சரிதான்."

"பின்ன ஏன் நேத்து எடுன்னு சொல்லல?"

கொஞ்ச நேரம் மாட்டுக் கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தார். "போடாதன்னு சொன்னேன்ல" என்றார். அவ்வளவுதான்.

11-3, ஞாயிறு

தண்ணீர் எடுக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடுகிறது. நான் முதுகைக் காட்டியதும் தொடர்கிறது.

"கட்டுன புருசன விட்டுட்டு ஆசாரிக்கு எழுதிக் குடுத்திருக்காகளாம்."

"படிச்சவுகள்ல. நாயம் பாப்பாக."

நியாயம்தான். உண்மையைச் சொன்னால் ஆசாரியண்ணனுக்காக நான் அதை எழுதவில்லை. ஊருக்காகவும் இல்லை. நியாயமாக நடந்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. அந்தப் பெயரும் கிடைத்துவிட்டது, குழாயடியில்.

இவர் சலங்கையைப் பரணில் போட்டுவிட்டார். முழங்கால் வலியாம். முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சினேன், தேய்த்துக்கொள்ளவில்லை.

17-3, சனி

ஆசாரியண்ணன் பட்டறைக்குப் போனேன். முக்காலிக்குக் கால் ஆடுகிறது என்று ஒரு சாக்கு. (உண்மையிலேயே ஆடுகிறது.) உட்காரப் பலகை போட்டார். தேநீர் வாங்கி வரச் சொன்னார். எல்லாம் முன்போல், ஆனால் முகம் பார்த்துப் பேசவில்லை.

"அண்ணே, தப்பு என் மேல. நீங்க ஒரு எட்டு வந்து அவுககிட்டப் பேசுங்க."

"என்னத்தப் பேசுறது தங்கச்சி? சண்டையா போட்டோம்? நான் இப்ப அங்குட்டு வந்தா, விருது வரப்போவுதுன்னு நைச்சியம் பண்ண வாரேன்னு நெனப்பாரு."

"அவுக அப்படி நெனைக்க மாட்டாக."

"நீங்க எழுதுனது எனக்குத் தெரியாதுன்னு அவரு நம்பணும்ல? நான் சொல்லி எழுதுனீகன்னுதேன் ஊரே பேசுது. எளவட்டப் பயலுக என்னப் பட்டய ஆசாரிங்குறானுக."

முக்காலியின் காலைத் தட்டி இறுக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சுப்பையா மேல எனக்கு என்ன? சேச்சே, ஒண்ணுமில்ல" என்றார். ஒண்ணுமில்லாததை யார் வந்து தீர்த்துவைப்பது?

29-3, வியாழன்

வெயில் தாங்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி மயங்கி விழுந்தாள், காலையில் சாப்பிடவில்லையாம். நன்னாரி வாங்கணும்.

மன்றத்திலிருந்து கடிதம். பரிசீலித்தார்களாம். இந்த முறை வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். கலையார்வத்துக்குப் பாராட்டாம்.

ஆக, இதற்குத்தான் இத்தனையும்.

ஹெச்.எம். விசிறியால் விசிறிக்கொண்டே சொன்னார்: "வால்ல நின்னு பாட்டெடுத்தவரு யாருன்னு வந்தவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு, ஒங்க வீட்டுக்காரரத்தான். அவரு பேரைப் போட்டு என்னையக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கலாமே டீச்சர்? நான் என்ன ஒங்களுக்குச் சொந்தக்காரனா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. இந்த மண்டைக்கு அது தோன்றவே இல்லை. ஆனால் அப்படிப் போட்டிருந்தால் ஆசாரியண்ணன் வரிசையின் வாலில் நின்று அந்தப் பார்வை பார்த்திருப்பார். இரண்டு பேரில் ஒருவர் பார்த்தே இருப்பார். ஒற்றைப் பெயர் என்றால் போடாதே என்று இவர் சொன்னது அதைத்தான். எனக்குக் காது இருந்தது, கேட்கவில்லை.

30-3, வெள்ளி

விருது இல்லை என்பதை இருவருக்கும் நானே சொன்னேன்.

இவர்: "பாவம் சுப்பையா."

"அத நீங்களே போய் அவுககிட்டச் சொல்லுங்களேன்."

"போனா, கெடைக்கலன்னு குத்திக் காட்ட வந்தான்னு நெனைப்பான்."

ஆசாரியண்ணன்: "நல்லதாப் போச்சு."

"அப்ப வாங்களேன் வீட்டுக்கு."

"இப்ப வந்தா, கெடைக்கலன்னதும் வந்துட்டான்னு நெனைப்பாரு தங்கச்சி."

இரண்டு பேருக்கும் மூளை ஒரே அச்சில் வார்த்தது. நடுவில் மாட்டிக்கொண்டு அழுவதா சிரிப்பதா? கொல்லையில் போய் அழுதேன். அப்புறம் கொடியிலிருந்து துணி எடுத்தேன்.

3-4, செவ்வாய்

மாரியம்மன் திருவிழா. காலையில் பால்குடம். பாதம் கொப்புளித்துவிட்டது. அம்மனிடம் ஒன்றுதான் கேட்டேன், அதை இங்கே எழுதவில்லை. மாவிளக்கு, பானகம், வந்தவர்களுக்குச் சாப்பாடு. வந்த எல்லோரும் கேட்டார்கள்: "இன்னைக்கு அண்ணன் ஆடலியா?" முழங்கால், முழங்கால் என்று எனக்கே முழங்கால் வலித்தது.

மூன்று மணி வாக்கில் பிரசாதம் கொடுக்க ஆசாரியண்ணன் பட்டறைப் பக்கம் போனேன். கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே இழைப்புளிச் சத்தம். அம்மன் திருவிழா அன்று எந்த ஆசாரி மரம் இழைப்பார்? தட்டவில்லை. அவ்வளவு துணிச்சல் எனக்கு இல்லை. அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பொழுது சாய்ந்தது. பொட்டலில் தவில் எழும்பியது. வேறு யாரோ தலையில் நிற்கிறார்கள், யாரோ வாலில். இவர் காலையிலிருந்து கட்டிலில், சுவரைப் பார்த்து. தூங்குகிறாராம். நான் வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் போர்வைக்கு வெளியே இரண்டு பாதமும் தாளம் போடுகின்றன. அடி பிசகாமல். கிழக்கே போகிறார். என்னால் வெங்காயம் உரிக்க முடியவில்லை.

பொட்டலில் தவில் முட்டியது. வரிசை திரும்புகிற இடம். பாதம் இரண்டும் நின்றன.

சுவரைப் பார்த்து, எனக்கே கேட்டும் கேட்காமலும், "எடுய்யா" என்றார்.

தவில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.