ஷட்டருக்குப் புதுத் தகடு

செப்டம்பர் 27, சனி

ஹாஸ்டலில் நைட் டியூட்டி முடித்து வந்து பார்த்தால் கார் ஷெட் ஷட்டர் நசுங்கிக் கிடக்கிறது. கீழ்த் தகடுகள் நாலைந்து வளைந்து, ஒரு பக்கம் சட்டத்தை விட்டே பிதுங்கிவிட்டன. தூக்கினால் அசையவில்லை. காரும், மாடி ரூம் வேல்ராஜின் பைக்கும் உள்ளே மாட்டிக்கொண்டன. வீட்டிலிருந்து ஷெட்டுக்குள் போகும் சின்னக் கதவும் பூட்டியிருக்கிறது, சாவி இவரிடம்.

இவருக்கு போன் போட்டேன். கம்பெனி பஸ்ஸில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "எதிர்வூட்டுக்கு மணல் ஏத்தினு வந்த டெம்போ ரிவர்ஸ்ல இடிச்சிட்டான். வுடு, பாத்துக்கலாம்."

எதிர் வீட்டு வாசலில் மணல் கொட்டியிருப்பது உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து இடித்தால் ஷட்டர் உள்ளேதானே போக வேண்டும்? இது தெருப்பக்கம் தொப்பை போட்டுக்கொண்டு நிற்கிறது. தூக்கக் கலக்கத்தில் எனக்குத்தான் புரியவில்லையோ?

சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்வந்த பிறகுதான் சாப்பிட்டார். புரட்டாசி சனி. அது வரைக்கும் வெறும் தண்ணீர்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எதிர் வீட்டு அம்மா சத்தியம் செய்கிறாள், மணல் வந்தது வியாழக்கிழமையாம்.

அப்படியென்றால் யார்? ஷட்டர் சாவி எங்களைத் தவிர வேல்ராஜிடம்தான் இருக்கிறது. தென்காசிப் பக்கத்து ஆள், இவர் ஓட்டும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறான், வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். பைக்கைக் கன்னாபின்னாவென்று எடுத்து இடித்திருப்பான் என்று நினைத்து, படியிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

"நான் ஒண்ணும் செய்யலக்கா" என்றான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணாச்சிகிட்ட கேளுங்க."

திருடன் மாதிரி ஏன் முழிக்க வேண்டும்? இவரிடம் சொன்னால், "அவன இன்னாத்துக்கு இட்டாந்து நிறுத்துற?" என்று என்மேல் பாய்கிறார். என்ன நடக்கிறது இந்த வீட்டில்?

செப்டம்பர் 29, திங்கள்

ஷட்டர் மெக்கானிக் கோபாலை வரச் சொல்லலாம் என்றேன். ஆயுத பூஜை கழியட்டும் என்கிறார்! பஸ் துடைக்கிற துணிக்குக்கூட குங்குமம் வைக்கிற மனுஷன். பூஜைக்கு சொந்தக் காரை வெளியே எடுக்க வேண்டாமாம்.

கேட்க மாட்டேன். நாளைக்கே வரச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இவர் டியூட்டியில் இருக்கும்போது கோபால் வந்தான். பக்கவாட்டுச் சட்டத்தைக் கழற்றி, நெளிந்த தகடுகளை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் உருவினான். ஒரு தகட்டைத் திருப்பிக் காட்டினான். "டெம்போன்னு யாருக்கா சொன்னது? உள்ளேர்ந்து இடிச்சிகீது."

மீதியை மேலே சுருட்டியதும் கார் தெரிந்தது. பம்பர் பிளந்து, நம்பர் பிளேட் மடங்கி, அதில் ஷட்டரின் பச்சை பெயிண்ட்.

கம்பெனிக்குள் எல்லா வண்டியும் ரிவர்ஸில்தான் நிறுத்த வேண்டும் என்று சட்டம். அந்தப் பழக்கத்தில் இவர் வீட்டிலும் மூக்கு வெளியே பார்க்கத்தான் நிறுத்துவார். அப்படியே கிளப்பி, மூடியிருந்த ஷட்டர்மேல் ஏற்றியிருக்கிறார். முப்பது வருஷ டிரைவர்!

குடியா? இவர் தொட மாட்டார். கண்ணா? போன மாதம்தான் பரிசோதித்தார்கள். எனக்குத் தலையே சுற்றுகிறது.

கோபால் வேறு கேட்கிறான், புதுத் தகடு பளிச்சென்று தெரியும், மேலே சுருளுக்குள் போட்டுவிட்டுப் பழசைக் கீழே இறக்கட்டுமா என்று. எங்கே அடிபட்டதோ அங்கேயே போடு என்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காரை வெளியே எடுத்து, உடைந்த பம்பருக்குச் சந்தனம் வைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தூக்கிட்டேன்னுதான் நெனச்சேன் சரோ."

என்ன?

"ஷட்டர. கையால தூக்கினது ஞாபகம் கீது. வண்டிய எடுத்தேன். மோதினப்புறம்தான் அது மூடிகினு கீதுன்னே தெரிஞ்சுது."

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனுஷன் பின்னால் ஒரு பஸ் நிறைய கம்பெனிப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு போகிறார்கள்.

அக்டோபர் 3, வெள்ளி

மாடிக்குப் போய் வேல்ராஜிடம், தப்பாகப் பேசிவிட்டேன் தம்பி என்றேன். அவன் என்னைவிடக் கூச்சப்பட்டான். பிறகுதான் வாயைத் திறந்தான்.

"சத்தம் கேட்டு சின்னக் கதவு வழியா ஓடியாந்து பாத்தா, அண்ணாச்சிக்கு மேலெல்லாம் வேர்வை, கை நடுங்குது. சர்க்கரையக் கரைச்சு வாயில ஊத்துனேன். வெரதம்னு துப்பப் பாத்தாவ. சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாவ. அதுக்கு முந்துன சனிக்கெழமையும் நம்ம ஸ்டாப்பத் தாண்டிப் போயிதான் நிறுத்துனாவ."

சனிக்கிழமை! இரண்டும் சனிக்கிழமை. எனக்கு ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை?

ஹாஸ்டல் நர்ஸ் பூமாரியிடம் கேட்டேன். இவர் போடுகிற சுகர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி ஆளே மாறிவிடும், மயக்கம்கூட வரும் என்கிறாள்.

இவரைக் கேட்டால், "மாத்திரை இன்னா சோறா? அதுக்கெல்லாம் வெரதம் முறியாது."

நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ, இல்லாவிட்டால் கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் பார்க்கிற வசந்தகுமாருக்கு நானே போன் போடுவேன் என்றேன். வீடு அதிரக் கத்தினார். கடைசியில்தான் விஷயத்தைச் சொன்னார். மகள் நிலாவுக்கு இரண்டு முறை கரு கலைந்து இது மூன்றாவது; புரட்டாசிச் சனியெல்லாம் விரதம் இருக்கிறேன், என் பொண்ணைக் காப்பாத்து என்று வேண்டிக்கொண்டாராம். என்னிடம்கூடச் சொல்லவில்லை. உன்னைப் பட்டினி கிடக்கச் சொல்லி சாமி கேட்டதா என்று சுருக்கென்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ?

அக்டோபர் 4, சனி

லீவு போட வைத்தேன். பட்டினியோடு படுத்துக் கிடந்தார். மாத்திரையை ஒளித்துவைத்துவிட்டேன், அது சரியா தப்பா தெரியாது.

அக்டோபர் 7, செவ்வாய்

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பூமாரி சொன்னதையே அவரும் சொன்னார், திட்டும் சேர்த்து. சாப்பிடாமல் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாதாம். இனி சனிக்கிழமை லீவு கிடையாது என்று வசந்தகுமார் சொல்லிவிட்டார்.

என்ன செய்யப் போகிறார்? கேட்கப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

நைட் டியூட்டியை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தேன். இட்லி வைத்தேன். ரொம்ப நேரம் தட்டையே பார்த்தார். பிறகு பெருமாள் படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு சாப்பிட்டார். மாத்திரையும் போட்டார்.

கை கழுவிவிட்டு வந்து கேட்டார்: "நிலாவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஆவாது" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

ஷட்டரைத் தூக்கி, ஒரு தடவை கையால் தடவிப் பார்த்து, காரை எடுத்துக்கொண்டு போனார். பஸ்ஸை ஸ்டாப்பில் சரியாக நிறுத்தியதாக வேல்ராஜ் மெசேஜ் போட்டிருந்தான்.

எனக்கென்று எடுத்துவைத்த இட்லி ஆறிக்கொண்டிருந்தது. தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. எடுத்து மூடி வைத்துவிட்டேன். சாயங்காலம் கோவிலுக்குப் போய்வரும் வரைக்கும் தண்ணீர் மட்டும்தான் குடித்தேன்.