சாமிக்கு முதல் முடி

ஜூன் 11, 2024, செவ்வாய்
விருதுநகரில் இருதயக் கோளாறுள்ள பிள்ளைகளின் வீட்டாருக்குக் கூட்டம். என் பேத்தி பேச்சிக்குப் பிறவியிலேயே நெஞ்சில் ஓட்டை. வருகிற ஜூலை எட்டாம் தேதி மதுரையில் ஆபரேஷன். கூட்டம் நடத்துகிறவள் பெயர் சுகிர்தா. அவள் மகனுக்கும் இதே கோளாறு இருந்து சரியானதாம். நன்றாகத்தான் பேசினாள். நடுவில், "பாட்டிமாருக எல்லாம் செத்த நேரம் வெளிய இருங்க, பெத்தவுககிட்ட தனியாப் பேசணும்" என்றாள். அந்த வெயிலில், வாசல் படியில், கிழவிகள் நாங்கள் மட்டும். தொட்டில் கட்டி ஆட்டினவள் நான். நான் கேட்கக் கூடாதாக்கும். மறக்க மாட்டேன் அவளை.

ஜூன் 12
மருமகள் பொன்னுத்தங்கம் சொன்னது: "பிள்ளைக்குக் காச்சல் வரக் கூடாது, புண்ணு வரக் கூடாது. ஆபரேஷன் முடியிற வரைக்கும் காது குத்தாதீகன்னு சுகிர்தா அக்கா சொன்னாக, அத்தே."
அக்காவாம்.
சாமிக்கு முதல் முடி கொடுக்காத பிள்ளையின் உடம்பில் கத்தி படலாமா? எங்கள் குலசாமி பேச்சியம்மன் கேட்காமல் விடுவாளா? ஒரே சண்டை. கடைசியில், "மொட்டை மட்டும், அத்தே" என்றாள். மகன் காளீஸ்வரன் பட்டாசுக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டான்.

ஜூன் 16, ஞாயிறு
பேச்சியம்மன் கோயிலில் முடி இறக்கியாயிற்று. எங்கள் வழியில் மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாள்தான். காது குத்த ஆசாரியை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். பொன்னுத்தங்கம் பொங்கல் பானையடியில் இருந்தாள். தாய்மாமன் கதிரவன் தயங்கினான். "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவமே, அத்தே."
"ஏலே, மடியில வைக்கத் தெம்பில்லாதவன் எதுக்குலே சீர் சுமந்துக்கிட்டு வந்தே?"
உட்கார்ந்தான். காது குத்தும்போது பிள்ளை அழுத அழுகையில் உதடு நீலம் பாரித்தது. கண நேரம்தான். பொன்னுத்தங்கம் ஓடி வந்தாள். பானை பொங்கி வழிந்தது, யாரும் குலவை போடவில்லை.

ஜூன் 22
இடது காதில் கசிவு. மஞ்சளும் எண்ணெயும் வைத்தேன். பொன்னுத்தங்கம் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை முடிந்து வந்து கேட்டாள். ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 27
பிள்ளைக்குக் காய்ச்சல். மேல் கொதிக்கிறது.

ஜூன் 29, மதுரை
காதுப் புண்ணிலிருந்த கிருமி ரத்தத்தில் ஏறி, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டதாம். டாக்டர் சொன்னார். ஐயோ தாயி, ஒனக்குத்தானே செஞ்சேன்?
சுகிர்தா வந்தாள். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஓடினதெல்லாம் அவள்தான். எனக்கும் இட்லிப் பொட்டலம் கொடுத்து, "சாப்பிடுங்கம்மா" என்றாள். ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தா நானும் ரெண்டு ஏசியிருப்பேன்.

ஜூலை 8
இன்றுதான் ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். பிள்ளை கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 19
பொன்னுத்தங்கம் பேசினாள். "மொட்டை மட்டும்னுதானே சொன்னேன்?"
என் மாமியார் என்னைப் பேசியது, நாத்தனார் பேசியது எல்லாம் இன்றுவரை மனசில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கு மட்டும் பிள்ளையின் துணியை எடுத்துக்கொண்டு அலசப் போய்விட்டேன்.

செப்டம்பர் 24
ஓட்டையை அடைத்துவிட்டார்கள். பிள்ளை கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். ஆனால் கிருமி அரித்த வால்வு இனி ஒழுகிக்கொண்டே இருக்குமாம். வளர்ந்த பிறகு இன்னொரு தடவை நெஞ்சைத் திறக்க வேண்டுமாம். ஓட்டை பிறவியில் வந்தது. இது யாரால் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அக்டோபர் 5
தாயும் மகளும் மல்லாங்கிணறு போய்விட்டார்கள், அவள் அம்மா வீட்டுக்கு. காளீஸ்வரன் கொண்டுபோய் விட்டு வந்தான். சோறு வைத்தேன். பசியில்லை என்றான்.

தீபாவளி
எங்கள் ஊர் நாரணாபுரமே புகையாய்க் கிடக்கிறது. பிள்ளைக்கு ஆகாத புகை. அங்கே இருப்பதே நல்லது.

மார்ச் 3, 2025, திங்கள்
தாயும் மகளும் திரும்பி வந்து பத்து நாளாகிறது. இன்று பொன்னுத்தங்கம் பழைய பிரஸ்ஸுக்கே வேலைக்குப் போனாள். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு வாசலில் நின்றாள். "மருந்து மத்தியானம் ஒருவாட்டி. வேற எதுவும் செய்யாதீக, அத்தே."
"செய்யலை."
தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. கழுத்தில் வைத்தேன். சுடவில்லை. மனசு கேட்கவில்லை, அவளுக்குப் போன் போட்டேன்.
"என்ன அத்தே? என்னாச்சு?"
"ஒண்ணுமில்ல. மேலு சுடலை. அதைச் சொல்லத்தான்."
 போனில் பிரஸ் மிஷின் ஓடுகிற சத்தம் வந்தது. 
"சாயங்காலமும் ஒருக்கா பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.