கேட்காமல் விட்ட பாஸ்போர்ட்

இன்று காலை, வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் பச்சைத் தைலக் குப்பி ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. கடைசியாக நான் பரிசோதித்தபோது உங்கள் முதுகில் இந்த வாடைதான் அடித்தது.

முதல் தடவை அண்ணனோடு வந்தீர்கள். வெட்கப்பட்டு, அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் விரையில் கட்டி இருப்பதைச் சொன்னீர்கள். அந்த விரையை எடுத்தோம். ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை. ரத்தச் சோதனையும் சரியாகிவிட்டது. கட்டியை ஆராய்ந்ததில், ரத்தக் குழாய்க்குள் புற்று நுழைந்திருக்கவில்லை.

அதன்பின் இரண்டு வழிகள் இருந்தன. முன்னெச்சரிக்கையாக ஒரு சுற்று கீமோ கொடுக்கலாம். அல்லது எதுவும் கொடுக்காமல், ரத்தமும் ஸ்கேனும் விடாமல் பார்த்து வரலாம். நோய் திரும்பினாலும் உடனே பிடித்தால் குணமாக்கிவிடலாம். உங்கள் நிலையில் பெரும்பாலோருக்குத் திரும்புவதே இல்லை. நிக்காஹ் வேறு பேசி முடித்திருந்தார்கள்; கீமோவால் குழந்தைப் பேறு பாதிக்குமோ என்ற யோசனையும் இருந்தது. தேவைப்படாத மருந்தை ஏன் ஏற்ற வேண்டும் என்பது என் கட்சி.

"மாசாமாசம் வர முடியுமா?" என்று கேட்டேன்.

"அம்பாசமுத்திரத்துல பஸ் ஏறுனா ஒரு மணி நேரம் சார். இன்ஷா அல்லா வருதேன்."

நான்கு மாதம் தவறாமல் வந்தீர்கள். பிறகு ஒருநாள் போனில், "விசா வந்துட்டு சார். அங்கன போயி பாத்துக்கிடுதேன்" என்றீர்கள். நானும் சரி என்றேன்.

அங்கே முதுகு வலித்தபோது, மூட்டை தூக்கிய வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்திருக்கிறீர்கள். லீவு கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். ஊர் திரும்பியபோது நுரையீரல், ஈரல் வரை பரவியிருந்தது. இருந்த மருந்தெல்லாம் கொடுத்தோம். பலிக்கவில்லை.

"வராம இருந்தது நாந்தானே சார், நீங்க என்ன செய்வீய?" என்று நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள். எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை. பஸ் தூரத்தை விசாரித்த நான், இந்தப் பக்கத்து ஆண்களிடம் எதை முதலில் விசாரிக்க வேண்டும் என்று அறியாமலா இருந்தேன்?

தைலம் தந்தவருக்கும் உங்கள் நோய்தான், அதே ஆரம்ப நிலைதான். போன வருஷம் அவரிடம், "பாஸ்போர்ட் இருக்கா?" என்றேன்.

"எதுக்கு சார், நீங்க துபாய்க்கு அனுப்பப் போறீயளா?" என்று சிரித்தார். விசாவுக்குக் காத்திருந்தாராம். ஒரு சுற்று கீமோ கொடுத்த பிறகே விமானம் ஏறவிட்டேன். இன்று அவருடைய சோதனைகளில் ஒரு குறையும் இல்லை.

இப்போது எல்லோரிடமும் அதைக் கேட்கிறேன். உங்களிடம் மட்டும்தான் கேட்கவில்லை.