முதற்சோற்றின் வேளை குறித்து

நிலமும் நீரும் நிலைபெறுக. வெண்கோட்டு நாடுடையாளும் ஏழாற்றங்கரைக் காவலியுமாகி, முடி சூடி ஏழு திங்களே கண்ட தேமொழி நங்கை, முத்துறைப் பட்டினத்துப் பகல்நெறி அவைத்தலைவர் சுடரனார்க்கும், விண்மீன்நெறி அவைத்தலைவர் நள்ளியார்க்கும் ஒருசேர விடுத்த ஓலை. உங்கள் துறைக்கு வரும் கலங்கள் யாவும் குறையின்றிக் கரை சேர்க. உங்கள் இல்லங்களில் எந்த வேளையில் அடுப்பு எரிந்தாலும் அது நல்வேளையாகுக. இவ்வோலை இரண்டு அவையும் ஓரிடத்தில் கூடியிருக்க, ஒரே முறை வாசிக்கப்பட வேண்டும். முன்னர் அனுப்பிய ஓலையைத் தனித்தனியே படியெடுத்து ஆளுக்கொரு பொருள் கொண்டீர்கள். அதற்கு இடம் தருமாறு எழுதிய குற்றம் எம்முடையது.

இதற்கு முன் இரண்டு ஓலைகள் எழுதி, போதாவென்று கிழித்தோம். ஆகையால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறோம். எங்கே பிழைத்தோம் என்பது அப்போதுதான் எமக்கும் விளங்கும்.

உங்கள் ஊர்ப் படகோட்டி வங்கன் விண்மீன்நெறியில் பிறந்தவன். பாய் தைக்கும் நொச்சி பகல்நெறியில் பிறந்தவள். நான்கு ஆண்டுகளுக்கு முன் இருவரும் விரும்பி மணந்தார்கள். அவளுடைய நெறியில் கதிர் மறைந்தபின் ஒரு கவளமும் உண்ணலாகாது. அவனுடைய நெறியில் பகலெல்லாம் கூழும் கனியுமே. சோறு உண்பது மாலையின் முதல் விண்மீன் கண்ட பின்னரே. இதனால் இந்நான்கு ஆண்டுகளில் அவர்கள் ஒருநாளும் சேர்ந்து சோறு உண்டதில்லை. ஆனாலும் அதைப் பற்றி உங்கள் அவைகளில் அவர்கள் முறையிட்டதில்லை. முறையீடு எழுந்தது அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்த பிறகுதான்.

குழந்தைக்கு முதற்சோறு கதிரவன் சாட்சியாக ஊட்டப்பட்டால் அது பகல்நெறிக்கு உரியது. விண்மீன் சாட்சியாக ஊட்டப்பட்டால் மற்றதற்கு உரியது. இது இரு அவையும் ஒப்பும் பழைய வழக்கு. தம் வேளை தவறினால் நொச்சியை அவள் தாய்வீட்டு வாசலும் மிதிக்கவிடோம் என்று சுடரனாரும், வங்கனுக்குப் படகுத்துறையில் இடமில்லை என்று நள்ளியாரும் எமக்கு எழுதினீர்கள். அவர்கள் எந்த வேளையைத் தேர்ந்தாலும் ஒருவர் தம் சுற்றத்தை இழப்பார் என்பது அப்போதே எமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாமோ, கதிர் பாதி மூழ்கிப் பாதி நிற்கும் கணத்தில் ஊட்டுக, அது பகலும் ஆகும் மாலையும் ஆகும் என்று ஆணையிட்டோம். மாலைதோறும் எமக்கு அறநூல் கற்பிக்கும் ஆசிரியர் அதை மெச்சினார். அன்று நாமும் மகிழ்ந்தோம் என்பதை மறைக்கவில்லை. கணத்தைக் குறிக்க நாழிகைக் கணக்கரை, சொட்டுச் சொட்டாய் நேரம் அளக்கும் நீர்க்கலத்தோடு அனுப்பி, அதுவரை குழந்தைக்குச் சோறு தரலாகாது என்றும் எழுதினோம்.

முதல் மாலை மேகம் மூடியது. அடுத்த மாலை, குன்றுக்குப் பின்னால் மறைந்ததே மறைவு என்று ஒரு சாராரும், கடலில் மூழ்குவதே மறைவு என்று மறு சாராரும் வாதிட, வாதம் முடிவதற்குள் இருட்டிவிட்டது. மூன்றாம் மாலை வானம் தெளிந்தது, நீர்க்கலம் சரியாகச் சொட்டியது, இரு அவையும் ஒத்துக்கொண்டீர்கள். குழந்தை தூங்கிவிட்டது. தூங்கும் பிள்ளையை உணவுக்கு எழுப்பலாகாது என்பதில் மட்டும் உங்கள் இரு நூல்களும் ஒன்றுபட்டன என்று கணக்கர் எழுதியிருந்தார்.

கணக்கர் அனுப்பிய அதே ஓலைக்கட்டினுள் இன்னும் இரண்டு செய்திகள் இருந்தன. தாய்க்குப் பால் குறைந்துவிட்டது என்பது ஒன்று. இவ்விருவரும் முழுநிலவு நாளில் வெளித்தீவுக்குப் புறப்படும் கலத்தில் இடம் கேட்டிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. பதினொரு திங்கள் குழந்தையை எம் ஆணையே பட்டினி போடுகிறது என்ற அச்சத்தோடு, சொல்லியனுப்பாமல் நேற்றுப் பிற்பகல் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம்.

நொச்சி கதிர் இருக்கும்போதே உண்ண அமர்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே வங்கன் வெறுங்கையோடு அமர்ந்து விசிறிக்கொண்டிருந்தான். இரவில் அவன் உண்ணும்போது இவள் அப்படி அமர்வாளாம். இருட்டியபின் அவள் அடுப்பு மூட்டுவதில்லையே, நாள்தோறும் ஆறிய சோறா என்று கேட்டோம். அவர்கள் சொன்னவற்றைச் சொன்னபடியே பொறிக்குமாறு ஓலைக்காரரைப் பணித்திருக்கிறோம், அவையோர் பொறுத்தருள்க.

“பழகிப்போச்சு தாயே. போன வருசம் அக்கா வீட்டுல சூடா போட்டாங்க, நாக்கு வெந்துபோச்சு” என்றான் வங்கன்.

“அந்த நாக்கு வேகணும்னு நானும் வேண்டியிருக்கேன்” என்றாள் அவள்.

வாடிய குழந்தையைக் காணப் போகிறோம் என்று எண்ணியிருந்த நாம் அதை மடியில் வாங்கினோம். கனத்தது. கன்னம் திரண்டிருந்தது. இடக்காதின் பின்புறம், மயிரோரத்தில், ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டோம்.

நொச்சி எம் கையைப் பார்த்துவிட்டு இலையைவிட்டு எழுந்தாள். “நான்தான் தாயே. அவர் துறைக்குப் போனதும் கொல்லையில வெச்சு ஊட்டினேன். மீன் முளைச்ச பெறகுதான் ஊட்டினேன், சத்தியமா. எங்க ஆளுங்க என்னை விலக்கினா நான் பாய் தெச்சுப் பொழச்சுக்குவேன். இவருக்குத் துறை போச்சுன்னா எதைப் புடிச்சு நிப்பாரு?”

வங்கன் விசிறியைக் கீழே வைத்தான். பிறகு எம்மைப் பாராமல் அவளைப் பார்த்துச் சொன்னான்: “நீ பாய்க்கொட்டகைக்குப் போனதும் நானும்தான் ஊட்டினேன். உச்சி வெயில்ல, வாசல்ல வெச்சு. உனக்கு அம்மா இருக்காங்க. அந்த வீட்டு வாசலை மிதிக்காதேன்னு சொன்னா நீ தாங்கமாட்டே. எனக்கு யாரு? படகு எந்தத் துறையிலயும் மிதக்கும்.”

“எத்தனை நாளா?” என்றாள் அவள்.

“பதினெட்டு நாளா.”

“அதான் ராத்திரி ரெண்டு வாய்க்கு மேல வாங்கமாட்டேங்குதா” என்றாள் நொச்சி. “வயித்துல ஏதோ கோளாறுன்னு மருத்துவச்சிகிட்ட வேற காட்டினேன்.” சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவன் சிரிக்க முயன்று முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இதை ஓலையில் எழுதலாமா என்று இருவரையும் கேட்டோம். எழுதுங்கள், ஒளித்து ஊட்டி ஊட்டித் தமக்கே சோறு இறங்கவில்லை என்றார்கள்.

சுடரனாரே, பகல் வேளையில் அக்குழந்தைக்குச் சோறு ஊட்டியவன் நள்ளியாரின் அவையைச் சேர்ந்தவன். நள்ளியாரே, விண்மீன் வேளையில் ஊட்டியவள் சுடரனாரின் அவையைச் சேர்ந்தவள். உங்களுக்கு உரியது என்று நீங்கள் கேட்டதை, உங்களைச் சேராத ஒருவர் உங்களுக்காகக் காத்துத் தந்திருக்கிறார். இதற்கு மேல் இதில் நாம் சொல்லத்தக்கது உண்டா என்று நெடுநேரம் எண்ணினோம். எம் பாடநூலில் இல்லை. எம்மிடமும் இல்லை.

ஆகையால் எம் முந்தைய ஆணை இன்றோடு நீக்கப்பட்டது. நாழிகைக் கணக்கர் நீர்க்கலத்தோடு திரும்புக. எம் ஆணையை மீறியதற்காக அவர்கள் மேல் குற்றமில்லை. மீறாதிருந்தால் இன்று நாம் வேறோர் ஓலை எழுதிக்கொண்டிருப்போம். முதற்சோறு ஊட்டப்பட்டாயிற்று, அதற்கு நாமே சாட்சி. அக்குழந்தையின் பெயர் இரு அவையின் ஏட்டிலும் எழுதப்படுக. நொச்சிக்குத் தாய்வீட்டு வாசலும் வங்கனுக்குத் துறையும் முன்போலவே இருக்க. அவ்வீட்டில் யார் எவ்வேளையில் உண்பது என்று இனி எந்த அவையும் கேளாதிருக்க, நாமும் கேளோம்.

முழுநிலவுக்கு இன்னும் ஐந்து நாள் உள்ளது. கலத்தில் அவர்கள் கேட்ட இடத்தை நாம் மறுக்கவில்லை. போவதும் இருப்பதும் அவர்கள் விருப்பம். இவ்வோலையைக் கேட்டபின் நீங்கள் இருவரும் அவ்வீட்டு வாசலுக்குச் சென்றால் இருப்பார்கள் என்று நினைக்கிறோம். அதை ஆணையாக எழுதவில்லை.

குழந்தையின் காதருகே எடுத்த பருக்கையைச் சிறு துணியில் முடிந்து, இவ்வோலையோடு சேர்த்துக் கட்டி, கட்டின் மேல் எம் முத்திரை இட்டோம். இரு அவையும் கூடியிருக்கையில் அவிழ்த்துப் பார்க்கலாம். அது பகலில் ஊட்டிய சோறா, விண்மீன் கண்டபின் ஊட்டிய சோறா என்று அதைப் பார்த்தே சொல்ல வல்லவர் உங்களில் ஒருவர் இருப்பின், அவர் மட்டும் இக்கட்டளையை மறுக்கலாம். மற்ற அனைவரும் இதன்படி நடக்க.

இது வெண்கோட்டு நாடுடையாள் தேமொழி நங்கை தன் கையால் முத்திரையிட்டது.