நீ சைக்கிளிலிருந்து விழவில்லை

என் ஏழுமலைக்கு,

நீ போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க அலுப்பாக இருக்கிறது, எழுந்தால் நடக்க அலுப்பாக இருக்கிறது. நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் போட்டோவுக்குப் பூ வைத்துக்கொண்டே உன் மனைவி அமுதா, "அந்த ஒடஞ்ச தாடைய வச்சிக்கினு கடைசி வரைக்கும் ஒரு முறுக்குகூடத் தின்னலீங்க. பாழாப்போன சைக்கிள்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாம் கரும்பு வெட்டிய காலம் நினைவிருக்கிறதா? ஞாயிறானால் கள்ளக்குறிச்சியில் கராத்தே வகுப்புக்குப் போவாய். சாயங்காலம் நம் ஊர் வடக்கனந்தல் களத்தில் உமி அடைத்த சாக்கைத் தொங்கவிட்டு, கற்றதை எனக்கும் காட்டுவாய். நான் குத்தினால் மணிக்கட்டு மடங்கிவிடும். கரும்பின் அடியில் கத்தி வீசி வீசி வந்த பழக்கம். நீ சிரித்துவிட்டு, மூங்கில் சிம்பு வைத்து என் மணிக்கட்டைத் துண்டால் கட்டினாய்.

"பலம் தோள்ல இல்ல பங்காளி. குதிகாலு திரும்பணும், இடுப்பு திரும்பணும், கை கடைசியாதான் வரணும்."

உன் தெரு வேறு, என் தெரு வேறு. ஆனாலும் பங்காளி என்றுதான் கூப்பிடுவாய்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது எங்கள் தெரு ஆட்கள் புளியமரத்தை வெட்டி ரோட்டில் போட்டார்கள். நானும் கூட நின்றேன். குழந்தைக்கு மருந்து வாங்கிக்கொண்டு நீ சைக்கிளில் வந்தாய்.

"புள்ளைக்கு ஜுரம் ஜாஸ்தி பங்காளி, வுடு."

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? அடி!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எனக்குப் பயம், அவர்களிடம். தாடையில் அடித்துவிட்டேன். அன்றைக்கு மணிக்கட்டு மடங்கவே இல்லை.

நீ எழுந்து, மருந்து பாட்டில் உடைந்ததா என்று பார்த்துக்கொண்டாய். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "குதிகாலு திரும்பல பங்காளி" என்றாய். உன் தெருவில் கேட்டபோது சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொல்லிவிட்டாய். கேஸ் வருமென்று எங்கள் ஆட்களும் வெளியே சொல்லவில்லை.

உண்மையிலேயே திரும்பவில்லையா, ஏழுமலை? நான் மனசோடு அடிக்கவில்லை என்று உனக்குத் தெரிந்ததா? இல்லை, என் நிம்மதிக்காகச் சொன்னாயா? எத்தனையோ முறை கேட்க வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

இப்போது அந்த ரோடு அகலமாகிவிட்டது. மரம் கிடந்த இடமே தெரியவில்லை. நீ மருந்து கொண்டுபோன பிள்ளைதான் உனக்குக் கொள்ளி வைத்தான். "அப்பாவுக்கு எல்லாமே நீங்கதாங்க பெரிப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அடித்த அதே கை. என்னால் தாங்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருவேன். பந்தல் பிரிப்பதற்குள் அமுதாவிடமும் அவனிடமும் சொல்லிவிடுகிறேன், சைக்கிள் இல்லை, நான்தான் என்று. அதற்குப் பிறகு அவன் என்னைப் பெரிப்பா என்று கூப்பிடாவிட்டாலும் சரி.

உன் பங்காளி,
கோவிந்தன்